கொட்டகையில் யாரும் இல்லை

ஏரிக்கரைத் தெருத் தையல்காரியை, அவள் கடைக்குத் துணி கொண்டுவருகிறவர்களைவிட நகராட்சி அலுவலகத்துக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அங்கே அவளுக்கு மனு அக்கா என்று பேர். தெருவிளக்கு எரியவில்லையா, மனு. சாக்கடை மூடி உடைந்திருக்கிறதா, மனு. யாராவது ஏரியில் குப்பையைக் கொட்டினால், கொட்டினவன் கையைக் கழுவுவதற்குள் மனு போய்ச் சேர்ந்திருக்கும். அவள் படியேறி வருவதைப் பார்த்ததும் புகார்ப் பிரிவு எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். "வாங்க மனு அக்கா, இன்னைக்கு யார் தலை உருளப்போகுது?" என்பார். அவளும் சிரித்துக்கொண்டே பையிலிருந்து தாளை எடுப்பாள்.

தெருவில் அவளைப் பிடிக்காதவர்கள் உண்டு. ஆனால் அவள் எழுதியதில் பொய் ஒன்று காட்டு என்றால் யாராலும் காட்ட முடியாது. ஏரி ஓரமாகக் கரைக்கல் நட்டிருந்தார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் எந்தக் கட்டடமும் இருக்கக் கூடாது என்பது விதி. யாராவது கல்லைத் தாண்டி ஒரு சாய்ப்பு இறக்கினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த படகுக் கொட்டகை மட்டும் கல்லைத் தாண்டி நிற்பது அவள் கண்ணில் பட்டதே இல்லை. அது பழசு, வீட்டை விற்றவர் காலத்தது என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

அவளுடைய மனுக்களில் பெரிய மனு, தெருக்கோடியில் வலை பின்னுகிறவரின் கொட்டகையைப் பற்றியது. "கரைக்கல்லுக்கு அப்பால் குடும்பத்தோடு குடியிருக்கிறார்கள், கழிவெல்லாம் ஏரியில் போகிறது" என்று எழுதினாள். குடியிருக்கிறார்கள் என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஆய்வாளர் மறுநாளே வந்துவிட்டார். ஆனால் கொட்டகை இடிபடப் பல மாதம் இழுத்தது. அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அப்போதிருந்த ஆய்வாளர் வலைக்காரர் வீட்டு வாசலில் நின்று ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டு, புகாருக்கு ஆளானவருக்கே அதிகாரி வழி சொல்லிக் கொடுக்கிறார் என்று அவர் மேலும் ஒரு மனு போட்டாள். அவரை எங்கோ மாற்றிவிட்டார்கள். கடைசியில் ஒரு காலை பொக்லைன் வந்தது. வலைக்காரரின் மனைவி ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் தையல்காரிக்கு ஞாபகம் இருந்தது. அவர்கள் எங்கே போனார்கள் என்று அவள் விசாரிக்கவில்லை.

அந்த விவகாரத்திலிருந்து அவள் இரண்டு பாடம் கற்றிருந்தாள். ஆள் குடியிருக்கிறது என்பதுதான் நகராட்சிக்கு ஆகாத விஷயம். எது நடந்தாலும் மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டும் கண்ணால் பார்த்தது. பார்த்ததில் தப்பு வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

*

அந்தப் படகுக் கொட்டகையில் அவள் தம்பி இருந்தான்.

வாத்து என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிடுவார்கள். நடக்கிறதற்கு முன்பே நீந்தினவன். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது அவன் புத்தியில் பாதியைக் கையோடு கொண்டுபோய்விட்டது. நீச்சல் மட்டும் மிச்சம். முப்பது வயதைத் தாண்டியும் அக்கா சொன்னால்தான் சாப்பிடுவான், அக்கா சொன்னால்தான் தூங்குவான். ஒரு வேலை சொன்னால் அதைச் சொன்னபடி செய்வான். அதற்கு ஒரு இம்மி கூடவும் செய்யமாட்டான், குறையவும் செய்யமாட்டான். ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் அவனை நிற்கவைத்து, நான் வர்ற வரைக்கும் நகராதே என்று சொல்லிவிட்டுப் போனாள். மழை பிடித்துக்கொண்டது. பக்கத்திலேயே கூரை இருந்தும் அவள் திரும்பி வரும்வரை தெப்பலாக நனைந்துகொண்டு அதே இடத்தில் நின்றான்.

அம்மா போன பிறகு அவன் அவள் வீட்டுக்கு வந்தான். பிள்ளையில்லாத வீட்டில் அவன்தான் பிள்ளை. அடுப்படி திரைச்சீலை எரிந்த நாள் வரை வீட்டுக்குள்தான் இருந்தான். அன்றைக்கு அவள், "அடுப்பை அணைக்காதே, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைப்பக்கம் போனாள். வந்தவர் பேச்சுக் கொடுத்ததில் நேரம் போய்விட்டது. பால் பொங்கி வழிந்தது, பாத்திரம் கருகியது, திரைச்சீலை பிடித்துக்கொண்டது. வாத்து அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அடுப்பை அணைக்கவில்லை. அவள் சொன்னதைச் செய்தான்.

அதற்குப் பிறகு அவள் புருஷன், இனி அவன் வீட்டுக்குள் இருக்க வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார். ஐஸ் தொழிற்சாலையில் பாளம் ஏற்றுகிற வேலை அவருக்கு. வீட்டுக்கு வந்தால் உடம்பு விட்டுப்போகும். அவன் மேல தனக்கு ஒரு கோபமும் இல்லை, ஆனால் கண்ணை மூடினால் திறக்க வேண்டுமே என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் கொட்டகையைச் சுத்தம் செய்து, ஒரு பாய், தலையணை, விளக்கு, ஜன்னலுக்கு ஒரு கொசுவலை என்று ஏற்பாடு செய்தாள். வாத்துக்கு அது சொர்க்கமாக இருந்தது. கொட்டகையில் பாதி தரையில் நின்றது, பாதி தண்ணீருக்கு மேல் தூண்களில் நின்றது. முன்பு படகை உள்ளே ஏற்றுவதற்காகத் தரையில் ஒரு பெரிய ஓட்டை விட்டு, மேலே பலகை மூடி போட்டிருந்தார்கள். மூடியைத் தூக்கினால் கீழே ஏரி. வாத்து காலையில் எழுந்ததும் அதில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பகலில் அக்கா கொடுக்கிற சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பான். சட்டை நைந்துபோனாலும் அவன் தைத்த பொத்தான் போகாது என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள்.

*

வினை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பக்கத்து மாடி வீட்டை வாங்கின அம்மாள் அதை லாட்ஜ் ஆக்கினாள். ஏரி பார்க்க வருகிறவர்கள் வந்து தங்கினார்கள். இருந்த கழிவுத்தொட்டி அத்தனை பேருக்கும் தாங்கவில்லை. நிரம்பி வழிந்து தையல்காரியின் துவைக்கிற கல்லைச் சுற்றித் தேங்கியது. தையல்காரி முதலில் வாயால் சொன்னாள். லாட்ஜ்காரம்மா, ஆகட்டும் பார்க்கலாம் என்றாள். தையல்காரி மனு போட்டாள். லாட்ஜுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். தொட்டியைப் பெரிதாக்குகிறவரை திறக்க முடியாது என்றார்கள்.

சும்மா இருப்பாளா லாட்ஜ்காரம்மா. மாடியில் நின்று பார்த்தால் தையல்காரி வீட்டுக் கொல்லை கைரேகை மாதிரி தெரியும். அவளும் எழுதிப் போட்டாள்.

செய்தியை எழுத்தர்தான் தையல்காரி காதில் போட்டார். அக்கா, உங்க பேர்லயும் ஒண்ணு வந்திருக்கு, படகுக் கொட்டகையில ஆள் குடியிருக்குதாம் என்றார். அவள் வழக்கமான சிரிப்பை முகத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது புருஷனிடம் சொன்னாள். அவர் மென்றதை விழுங்கினார்.

"இருக்கான்னு சொல்லிடேன்."

"சொன்னா?"

"சொன்னா என்ன பண்ணிடுவாங்க? அவங்களும் மனுஷங்கதானே. இப்படி ஒரு பிள்ளை, போக இடமில்லைன்னு சொல்லு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வலைக்காரர் கதை தெரிந்துமா இப்படிச் சொல்கிறார் என்று முதலில் தோன்றியது. அடுத்த நிமிஷம் வேறு ஒன்று தோன்றியது. அதை வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"அவனை எங்கேயாவது ஒரு ஹோமுக்கு அள்ளிக்கிட்டுப் போகட்டும்னு பாக்கறீங்களா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது வந்திருக்கும். சண்டையில் நாலு உண்மை வெளியே வரும். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

மறுநாள் அவள் வாத்துக்குப் பழக்கிக் கொடுத்தாள். மூடியைத் தூக்கி, கீழே இறங்கி, மூடியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் கழுத்து வரை நிற்கும். பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே தலை வைக்க இடம் இருக்கும். நடுத்தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சத்தம் போடாமல் நிற்க வேண்டும். வாத்துக்கு அது விளையாட்டு. திரும்பத் திரும்ப இறங்கினான், ஏறினான்.

"யாராவது புது ஆள் கொல்லைக்குள்ள வந்தா உடனே இறங்கிடணும். நான் கூப்பிடற வரைக்கும் மேல வரக் கூடாது. வேற யார் கூப்பிட்டாலும் வரக் கூடாது."

"மாமா கூப்பிட்டா?"

"மாமா கூப்பிட்டாலும்."

"மழை வந்தா?"

"நீ தண்ணிக்குள்ளதானே நிக்கப்போற, மழை வந்தா உனக்கென்ன?" என்றாள். அது அவனுக்குப் பெரிய நகைச்சுவையாகப் பட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

*

ஆய்வாளர் ஒல்லியான மனிதர். தடித்த அடிப்பாகம் வைத்த செருப்பு, கையில் ஒரு அளவு நாடா. மாற்றலாகிப் போன ஆய்வாளருக்குப் பதிலாக வந்தவர். அவர் கேட்டைத் திறந்தபோதே மாடியில் லாட்ஜ்காரம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பதைத் தையல்காரி பார்த்துவிட்டாள். நிதானமாக நடந்து, நிதானமாகக் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டாள்.

பாயும் தலையணையும் வீட்டுக்குள் போயிருந்தன. உள்ளே நாலைந்து பழைய நாற்காலி, உடைந்த தையல் எந்திரத்தின் கால், பெயிண்ட் டப்பா. ஆய்வாளர் கல்லிலிருந்து அளந்தார். உள்ளே வந்து நின்றார். நின்றது சரியாகப் பலகை மூடியின் மேல். அவள் அவர் முகத்தை மட்டும் பார்த்தாள், காலைப் பார்க்கவில்லை.

"இங்க யாராவது தங்கறாங்களாம்மா?"

"இல்ல சார். சாமான் போட்டு வச்சிருக்கோம்."

சுவரில் குத்தியிருந்த ஊசியையும் நூலையும் அவர் பார்த்தார். பக்கத்தில் பொத்தான் டப்பா. எடுத்து உள்ளே ஒளித்து வைக்க மறந்த ஒரே பொருள். வெயில் நேரத்தில் காற்றுக்காக இங்கே வந்து உட்கார்ந்து தைப்பேன் என்று அவள் முந்திக்கொண்டு சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். வெளியே போனார். மாடியை ஒரு பார்வை பார்த்தார். திரும்ப வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆள் இருக்குன்னா இருக்குன்னு சொல்லலாம். ஒண்ணும் தப்பில்ல."

இனிக்க இனிக்கப் பேசி வாயைப் பிடுங்குகிற அதிகாரி என்று அவளுக்குப் பட்டது. "இல்லாத ஆளை இருக்குன்னு எப்படி சார் சொல்றது?" என்று சிரித்தாள்.

கேட்டைத் தாண்டும்போது இன்னொரு தடவை நின்றார். "இதுதாம்மா கடைசித் தடவை கேக்கறேன். யாரும் இல்லையே?"

"யாரும் இல்ல சார்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாடியிலிருந்து லாட்ஜ்காரம்மா தொண்டையைச் செருமினாள். அவர் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேயும்வரை காத்திருந்துவிட்டு அவள் கொட்டகைக்கு ஓடி மூடியைத் தூக்கினாள். "வாத்து, வா மேல" என்றாள். உதடு நீலம் பாரித்து, முடியிலெல்லாம் பாசி ஒட்டி, அவன் மேலே வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நான் சத்தமே போடல அக்கா. அவரு என் தலைக்கு மேலயே நின்னாரு."

அவள் துண்டால் அவன் தலையைத் துவட்டினாள்.  மனசுக்குள் ஒரு கர்வம் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற கர்வம்.

*

கொஞ்ச நாளில் கொட்டகைக் கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனார்கள். விதியை மீறிய ஆளில்லாத கட்டடம், அகற்றப்படும் என்று இருந்தது. தேதி ஏதும் போடவில்லை.

புருஷன் அதைப் படித்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். இப்பவாவது போய்ச் சொல்லு, இல்லைன்னா அவனைக் கொஞ்ச நாள் வீட்டுக்குள்ள வச்சுக்கலாம், நான் தூங்காம இருந்துக்கறேன் என்றார். அப்படி அவர் சொன்னது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்றும் இருந்தது. ஆனால் அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. வலைக்காரரின் கொட்டகை எத்தனை மாதம் இழுத்தது, நம்முடையதும் இழுக்கும், அதற்குள் நான் நாலு மனு போட்டுப் படகுக் கொட்டகை என்றே பதிவு வாங்கிவிடுவேன் என்றாள்.  மனு விஷயத்தில் அந்த வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். அன்று காலை வாத்துக்குப் பள்ளிச் சீருடைச் சட்டை ஒரு கட்டு கொடுத்தாள். பக்கத்தில் தம்ளரில் டீ வைத்தாள். மத்தியானத்துக்குள் வந்துடுவேன் என்றாள்.

"யாராவது வந்தா?"

"தெரியும்" என்று மூடியைக் காலால் தட்டிக் காட்டினான்.

நகராட்சி அலுவலகத்தில் கூட்டம் இல்லை. எழுத்தர் அவள் கொண்டுவந்த மனுவைப் படித்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. கேலி பண்ணவும் இல்லை.

"அக்கா, ஆள் இல்லாத கட்டடத்துக்கு மனுவே கிடையாது. விசாரணையும் கிடையாது. அறிவிப்பு ஒட்டினதும் வண்டி என்னைக்கு சும்மா இருக்கோ அன்னைக்குப் போய்த் தட்டிடுவாங்க."

"வலைக்காரருக்கு அத்தனை மாசம் இழுத்தீங்களே?"

"அவங்க குடியிருந்தாங்க அக்கா. குடியிருக்கற ஆளை நாங்க தூக்கித் தெருவுல போட முடியாது. வேற இடம் காட்டினாத்தான் கொட்டகையில கை வைக்க முடியும். மார்க்கெட் பின்னாடி ரூம் ஒதுக்கித் தர்றதுக்குத்தான் அத்தனை நாள் ஆச்சு. இப்பவும் அங்கதான் இருக்காங்க."

 அப்படியென்றால் ஆய்வாளர் அன்றைக்கு ஏன் நேராகச் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். எழுத்தர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"புகார் கொடுத்தவங்க பாத்துக்கிட்டு நிக்கும்போது வாயைத் திறக்க முடியுமா? வழி சொல்லிக் கொடுத்தார்னு இவர் மேலயும் ஒண்ணு எழுதிப் போட்டா? முன்னாடி இருந்த சார் அப்படித்தானே போனாரு. உங்களுக்குத் தெரியாததா?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அங்க ஆள் இருக்கு" என்றாள். "என் தம்பி இருக்கான். எழுதிக்குங்க. குடியிருக்கான்னு எழுதிக்குங்க."

எழுத்தர் எழுதுவதற்குப் பேனாவை எடுக்கவில்லை. முகம் மாறிப்போயிருந்தது. சார் காலையிலேயே பொக்லைனோடு கிளம்பிவிட்டார், ஏரிக்கரைப் பக்கம்தான் என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது, திரும்பத் திரும்பப் போடறேன், நீங்க போங்க என்றார்.

அவள் ஆட்டோவில் ஏறினாள். புருஷனுக்குப் போன் போட்டாள். ஐஸ் அறைக்குள் போகிறவர்கள் போனை வெளியே பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். எடுக்க ஆளில்லை. அந்தத் தெருவில் வேறு யார் நம்பர் இருக்கிறது என்று தேடினாள். எல்லாரோடும் ஒரு மனுவாவது இருந்தது. இருந்த ஒரே நம்பர் லாட்ஜ்காரம்மாவுடையது. தொட்டித் தகராறு ஆரம்பித்தபோது வாங்கி வைத்தது.

மூன்றாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் எந்திரம் உறுமுகிற சத்தம்.

"என்ன, வேடிக்கை பாக்க வரலையா?" என்றாள் லாட்ஜ்காரம்மா. "நான்தான் அப்பவே எழுதினேனே ஆள் இருக்குன்னு. இன்னைக்கும் சொன்னேன், அந்தப் பிள்ளை உள்ள இருப்பான், பாத்துட்டு இடிங்கன்னு. டிரைவர் போய்ப் பாத்துட்டுக் காலியா இருக்குங்கறான். உன்கூடத்தானே இருக்கான்?"

"கீழ இருக்கான்."

"என்னது?"

"பலகைக்குக் கீழ. தண்ணிக்குள்ள இருக்கான். நிறுத்தச் சொல்லுங்க. அக்கா, நிறுத்தச் சொல்லுங்க."

 பிறகு லாட்ஜ்காரம்மா ஓடுகிற சத்தம் கேட்டது. படியில் செருப்பு தடதடத்தது. அவள் கத்துவது கேட்டது. என்ன கத்துகிறாள் என்று புரியவில்லை. எந்திரச் சத்தம் அவள் குரலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. தகரம் கிழிகிற மாதிரி நீளமாக ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் எந்திரம் நின்றது.  தையல்காரி போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

*

கொட்டகை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. கூரைத் தகரம் தண்ணீரில் பாதி முழுகிக் கிடந்தது. தரைப் பலகைகள் ஒரு பக்கமாகச் சரிந்து ஏரிக்குள் இறங்கியிருந்தன. பொக்லைனின் கை மண்ணில் ஊன்றியிருந்தது. லாட்ஜ்காரம்மா இஸ்திரி போட்ட புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு பலகையைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வாளர் அவளுக்கும் அப்பால், கழுத்தளவு தண்ணீரில். அவருடைய செருப்பு இரண்டும் கரையில் தள்ளித் தள்ளிக் கிடந்தன.

எந்திர டிரைவர் அவளைப் பார்த்ததும் கிட்டே வந்தான். கேட்காமலே சொன்னான்.

"உள்ள போய்ப் பாத்தேன் அக்கா. பாய் இருந்துச்சு. சட்டைங்க இருந்துச்சு. தம்ளர்ல டீ இன்னும் லேசா சூடா இருந்துச்சு. கூப்பிட்டுப் பாத்தேன். யாராவது இருக்கீங்களான்னு ரெண்டு மூணு தரம் நல்லா சத்தமாத்தான் கூப்பிட்டேன்."

"தெரியும்" என்றாள் அவள். "நீ கூப்பிட்டா வரமாட்டான்."

அவன் புரியாமல் பார்த்தான். சத்தியமாகக் கூப்பிட்டேன் என்று மறுபடியும் சொன்னான்.

தீயணைப்பு வண்டி வந்தது. பலகைகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார்கள். தெருவே கரையில் கூடிவிட்டது. அவள் மனுவால் கடை வாசலைக் குறைத்துக்கொண்டவர்கள், சாய்ப்பைப் பிரித்தவர்கள், எல்லோரும் நின்றார்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் குத்தலாக ஒரு வார்த்தை வரவில்லை. யாரோ அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவள் உட்காரவில்லை. ஆய்வாளர் கரையேறி அவள் பக்கத்தில் சொட்டச் சொட்ட நின்றார். நீங்கதானேம்மா யாரும் இல்லைன்னு சொன்னீங்க என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கலாம். கேட்பார் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

கடைசிப் பலகையை எடுத்ததும் தெரிந்தது. கூரை விழுந்த பாரத்தில் நடுத்தூண் சாய்ந்து தண்ணீருக்குள் போயிருந்தது. அவனும் அதோடு போயிருந்தான். இரண்டு கையாலும் தூணைக் கட்டிப் பிடித்திருந்தான். நீந்தத் தெரிந்தவன், பக்கத்தில் ஒரு எட்டு நகர்ந்தால் வெளிச்சம், ஏன் விடாமல் பிடித்திருந்தான் என்று தீயணைப்புக்காரர் ஒருவர் தன்னையறியாமல் கேட்டுவிட்டார். பதில் தெரிந்தவள் கரையில் நின்றுகொண்டிருந்தாள்.

கையைப் பிரிக்க முடியவில்லை. தூணை அறுத்துத்தான் எடுக்க வேண்டும் போல என்று பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் புருஷன் வந்து சேர்ந்தார். ஐஸ் அறைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகத் தண்ணீரில் இறங்கினார். யாரையும் கேட்கவில்லை. வாத்தின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். நாள் முழுக்கப் பாளம் பிடிக்கிற கை, அதற்குக் குளிர் தெரியாது என்று அவரே பெருமையாகச் சொல்வார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

தையல்காரி தண்ணீருக்குள் நடந்தாள். பிடிக்க வந்தவர்களை விலக்கிவிட்டாள். புருஷனுக்குப் பக்கத்தில் போய் நின்று குனிந்தாள்.

"வாத்து" என்றாள். "நான் வந்துட்டேன். எல்லாரும் போய்ட்டாங்க. மேல வா."

எப்போதும் மூடியைத் தூக்கிக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள். அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். கரையில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புருஷன் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த விரலைப் பிடித்தார்.